ஒரு வரைபடம், மூன்று நகரங்கள்: ஆஸ்திரேலியாவின் சிலிக்கான் குவாண்டம் கணினி

1998 மே மாதம் 'நேச்சர்' ஆய்விதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர் ப்ரூஸ் கேன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அப்போது அவர் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சிலிக்கானுக்குள் பாஸ்பரஸ் அணுக்களை ஒவ்வொன்றாக, சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி விட்டு வரிசையாகப் புதைத்தால், அந்த அணுக்கருக்களை வைத்தே ஒரு குவாண்டம் கணினியைக் கட்டலாம் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு எந்த ஆய்வகத்தாலும் ஒரு தனி அணுவைச் சிலிக்கானுக்குள் நினைத்த இடத்தில் வைக்க முடியாது. வைத்த அணு எந்த நிலையில் இருக்கிறது என்று படிக்கவும் வழி கிடையாது. கேனுக்கு இது தெரியாமல் இல்லை. சிப் தயாரிப்புத் தொழில் வளர்கிற வேகத்தில் அந்தக் கைத்திறன் வந்து சேரும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை நம்பி மூன்று பல்கலைக்கழகங்கள் கைகோத்தன. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ், மெல்போர்னில் மெல்போர்ன் பல்கலைக்கழகம், பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து. 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிதியோடு ஒரு கூட்டு மையம் தொடங்கியது. முதல் இயக்குநர் ராபர்ட் கிளார்க். கடற்படை அதிகாரியாக இருந்து இயற்பியலுக்கு வந்தவர், பின்னாளில் அந்நாட்டின் தலைமைப் பாதுகாப்பு விஞ்ஞானியாகவும் ஆனவர். யோசனை தந்த கேன் சீக்கிரமே அமெரிக்கா திரும்பிவிட்டார். அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. கேன்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம், பிரிஸ்பேனின் கிரிஃபித் பல்கலைக்கழகம் என்று வட்டம் விரிந்தது. 2010இல் இயக்குநர் பொறுப்பு மிஷெல் சிம்மன்ஸிடம் வந்தது. அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 1999இல் சிட்னிக்கு வந்தவர்.

குவாண்டம் கணினி என்றதும் கூகுள், ஐபிஎம் என்ற பெயர்கள்தான் செய்திகளில் அடிபடுகின்றன. பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கால் நூற்றாண்டுக்கு மேலாக விடாமல் முயன்றிருக்கும் இந்தக் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டிய கதை என்பது என் எண்ணம். கூட்டு ஆராய்ச்சி என்று எல்லா நாடுகளும் திட்ட அறிக்கையில் எழுதுகின்றன. ஆய்வக மேஜையில் அது எப்படி நடக்கிறது, எதனால் நிலைக்கிறது என்பதை இங்கே அருகிலிருந்து பார்க்கலாம்.

முதலில் பாஸ்பரஸ் ஏன் என்பதைப் பார்த்துவிடுவோம். சிலிக்கான் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள். நான்கும் பக்கத்து அணுக்களோடு பிணைந்துவிடும். பாஸ்பரஸுக்கு ஐந்து. அதைச் சிலிக்கான் படிகத்துக்குள் ஓர் இடத்தில் உட்கார வைத்தால், நான்கு பிணைந்தபின் ஒரு எலெக்ட்ரான் மிஞ்சும். கடும் குளிரில் அந்த எலெக்ட்ரான் பாஸ்பரஸ் கருவைச் சுற்றியே நிற்கும். எலெக்ட்ரானுக்கு ஸ்பின் என்றொரு காந்தப் பண்பு உண்டு. காந்தப்புலத்தில் வைத்தால் அது மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கும். குவாண்டம் விதிப்படி இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கும். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் என்பது இதுதான். பாஸ்பரஸ் கருவுக்கும் அதேபோல் ஸ்பின் உண்டு. ஆக ஓர் அணுவை வைத்தால் இரண்டு கியூபிட்டுகள் கிடைக்கின்றன: எலெக்ட்ரான் வேகமாக வேலை செய்யும், அணுக்கரு நீண்ட நேரம் நினைவு வைத்திருக்கும்.

இது போதாதென்று இன்னொரு வசதியும் உண்டு. உலகத்தில் கணினி சிப் எல்லாம் சிலிக்கானில்தான் செய்யப்படுகின்றன. அறுபது எழுபது ஆண்டுகளாகச் சேர்ந்த தொழில்நுட்பம் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கேனின் வரைபடம் ஈர்த்ததற்கு இதுதான் பெரிய காரணம்.

சரி, அணுவை எப்படி உள்ளே வைப்பது? இங்கேதான் மையம் எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு வழிகள் இருந்தன. எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, இரண்டுக்கும் பணம் கொடுத்தார்கள்.

முதல் வழி சிம்மன்ஸ் குழுவுடையது. ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் என்ற கருவியில் ஒரு உலோக ஊசி இருக்கும். நுனி ஓர் அணு அளவுக்குக் கூர்மை. மிக உயர்ந்த வெற்றிடத்தில் ஒரு சிலிக்கான் துண்டைச் சுத்தம் செய்து, அதன் மேல் ஓரணு கனத்துக்கு ஹைட்ரஜன் பூசுவார்கள். அப்புறம் அந்த ஊசியால், வேண்டிய இடத்தில் மட்டும் அடுத்தடுத்த ஆறு ஹைட்ரஜன் அணுக்களைப் பறித்தெடுப்பார்கள். அந்தச் சின்னப் பொத்தலில் சிலிக்கான் வெளியே தெரியும். பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பீன் வாயுவை உள்ளே விட்டால், ஹைட்ரஜன் மூடிய இடங்களில் அது ஒட்டாது. பொத்தலில் மட்டும் ஒட்டும். பிறகு ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், ஒரு பாஸ்பரஸ் அணு ஒரு சிலிக்கான் அணுவை வெளியே தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே மறுபடி சிலிக்கானை வளர்த்து மூட வேண்டும். அப்போது சூடு கூடினால் பாஸ்பரஸ் நகர்ந்துவிடும், குறைந்தால் மேல் படிகம் சரியாக அமையாது. மூடிய பிறகு எங்கே புதைத்தோம் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முன்கூட்டியே அடையாளங்களும் பொறித்திருக்க வேண்டும்.

இதில் ஒவ்வொரு படியையும் சரிப்படுத்தப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2012 ஜனவரியில், நான்கு அணு அகலமும் ஓர் அணு உயரமும் கொண்ட கம்பியைச் சிலிக்கானுக்குள் வரைந்து, அதிலும் ஓம் விதி செல்லுபடியாகிறது என்று காட்டினார்கள். அடுத்த மாதமே ஒற்றை அணு டிரான்சிஸ்டர் வந்தது. அதில் ஒரே ஒரு பாஸ்பரஸ் அணு. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் முனைகளும் அதே ஊசியால் வரையப்பட்டவை. அணு சொன்ன இடத்தில், படிகத்தின் ஓர் அணு இடைவெளிக்குள், உட்கார்ந்திருந்தது. அதன் கணிப்புகளுக்கு மெல்போர்னின் கோட்பாட்டுக் குழுவும் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகமும் துணை நின்றன.

இரண்டாவது வழியில் ஊசி இல்லை, பீரங்கி உண்டு. பாஸ்பரஸை அயனியாக்கி, வேகம் கொடுத்து, சிலிக்கானுக்குள் சுடுவது. சிப் தொழிற்சாலைகளில் நாள்தோறும் நடக்கிற வேலைதான் இது. ஆனால் அங்கே கோடிக்கணக்கில் சுடுவார்கள். இங்கே ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று. உள்ளே போனது ஒன்றா, இரண்டா, எதுவுமே போகவில்லையா என்று எப்படித் தெரியும்? மெல்போர்னில் டேவிட் ஜேமிசனின் குழு அந்தச் சிலிக்கான் துண்டையே உணர்கருவியாக ஆக்கியது. ஓர் அயனி உள்ளே பாயும்போது வழியில் எலெக்ட்ரான்களை உதறிவிட்டுப் போகும். அந்தச் சின்னத் துடிப்பை அளந்தால் ஓர் அயனி வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பீரங்கியை நிறுத்திவிடலாம். பின்னாளில் இந்தக் கண்டறிதலின் நம்பகத்தன்மையை 99.85 சதவீதம் வரை கொண்டுபோனார்கள்.

இந்த வழியில் ஒரு சிப் எப்படிப் பயணம் செய்கிறது என்பதைப் பாருங்கள். சிட்னியின் தூய்மை அறையில் அடித்தளம் தயாராகும். அங்கிருந்து மெல்போர்ன் போய் அயனி வாங்கிக்கொள்ளும். விமானப் பாதையிலேயே 700 கிலோமீட்டருக்கு மேல். திரும்பி சிட்னிக்கு வந்து, சூடேற்றி, மேலே நுண்ணிய அலுமினிய முனைகள் பொருத்தப்படும். கடைசியாக ஹீலியம் கலவையால் குளிர்விக்கும் குளிர்கலனுக்குள் இறங்கும். அங்கே வெப்பநிலை, குளிரின் கடைசி எல்லையான சுழியன் கெல்வினுக்கு மேலே ஒரு டிகிரியில் சில நூறில் ஒரு பங்குதான். இதில் எந்தக் கட்டத்தில் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிசகு யார் கையில் நடந்தது என்பதும் சுலபத்தில் தெரியாது. அயனி தவறான இடத்தில் விழுந்ததா, சூடேற்றும்போது நகர்ந்ததா, முனை சரியில்லையா? இரண்டு நகரத்து ஆட்களும் மனம்விட்டுப் பேசினால் ஒழிய விடை கிடைக்காது. எவ்வளவு நிதி என்பதைவிட இந்தப் பேச்சு எவ்வளவு காலம் நீடித்தது என்பதைத்தான் ஒரு கூட்டு முயற்சியின் அளவுகோலாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வைத்த அணுவைப் படிப்பது அடுத்த கேள்வி. ஒரு எலெக்ட்ரானின் ஸ்பின் உண்டாக்கும் காந்தப்புலம் மிக மிகச் சிறியது. நேரடியாக அளப்பது நடவாத காரியம். சிட்னியில் ஆண்ட்ரியா மொரெல்லோவும் ஆண்ட்ரூ ட்ஸுராக்கும் காந்தக் கேள்வியை மின்சாரக் கேள்வியாக மாற்றினார்கள். அணுவுக்குப் பக்கத்திலேயே ஒரு நுண் டிரான்சிஸ்டரை வைத்தார்கள். ஸ்பின் மேல்நோக்கி இருந்தால் எலெக்ட்ரானுக்குச் சற்றே கூடுதல் ஆற்றல். அது தாவி டிரான்சிஸ்டருக்குப் போய்விடும், அங்கே மின்னோட்டம் ஒரு கணம் எகிறும். கீழ்நோக்கி இருந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும். எகிறினால் ஒன்று, எகிறாவிட்டால் சுழியன். 2010இல் இதைச் சிலிக்கானில் முதன்முதலாக ஒரே அளவீட்டில் செய்து காட்டினார்கள். 2012இல் ஒற்றை பாஸ்பரஸ் அணுவின் எலெக்ட்ரானைக் கியூபிட்டாக இயக்கினார்கள். 2013இல் அதன் அணுக்கருவையும்.

அணுக்கருவின் குவாண்டம் நிலை அப்போது சுமார் 60 மில்லி விநாடிதான் நின்றது. குற்றவாளி பாஸ்பரஸ் அல்ல, அதைச் சுற்றியிருந்த சிலிக்கான்தான். இயற்கைச் சிலிக்கானில் ஏறக்குறைய 92 சதவீதம் சிலிக்கான்-28 என்ற வகை அணு. அதன் கருவுக்கு ஸ்பின் கிடையாது, அது தொந்தரவு செய்யாது. ஆனால் 4.7 சதவீதம் சிலிக்கான்-29. அதற்கு ஸ்பின் உண்டு. தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிற நேரத்தில் சபையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி அந்தச் சின்னக் காந்தங்கள் ஓயாமல் அசைந்து கியூபிட்டைக் கலைக்கும். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்திலிருந்து கோஹெய் இத்தோ தந்த தூய சிலிக்கான்-28 அடுக்கில் அதே சோதனையைச் செய்தபோது, 2014இல், கருவின் நிலை 30 விநாடிக்கு மேல் நின்றது. 60 மில்லி விநாடியிலிருந்து 30 விநாடி! அணு மாறவில்லை. இந்த முன்னேற்றத்துக்கு முக்கியக் காரணம் அடியிலிருந்த பொருள் மாறியதுதான்.

இந்தத் தூய சிலிக்கானுக்கு ஒரு கிளைக்கதை உண்டு, சொல்லாமல் விட மனமில்லை. கிலோகிராம் என்ற அளவையே புதிதாக வரையறுக்கும் பன்னாட்டு முயற்சிக்காக, சிலிக்கான்-28ஐப் பிரித்தெடுத்து ஒரு கிலோ எடையுள்ள உருண்டைகள் செய்தார்கள். ரஷ்யாவின் சுழற்சி இயந்திரங்களில் பிரித்து, ஜெர்மனியில் படிகமாக வளர்த்து, அந்த உருண்டைகளைத் தேய்த்து மெருகேற்றியது சிட்னியின் லிண்ட்ஃபீல்டு பகுதியிலிருந்த அரசு ஆய்வகத்தில். எடைக்கல்லுக்காகச் சேர்ந்த அந்த அறிவு, குவாண்டம் கணினிக்கும் கைகொடுத்தது. இப்படிப்பட்ட உதவிகளை எந்தத் திட்ட அறிக்கையிலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது.

கேனின் வரைபடத்தில் ஒரு பெரிய ஓட்டையும் வெளிப்பட்டது. 2002இல் பிரேசில், அமெரிக்கக் கோட்பாட்டாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: இரண்டு பாஸ்பரஸ் அணுக்களின் எலெக்ட்ரான்களுக்கிடையிலான இணைப்பு, அணு ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தாலே தலைகீழாக மாறிவிடும். சிலிக்கானின் அமைப்பிலேயே இருக்கும் சிக்கல் அது. பீரங்கி வழியில் அவ்வளவு துல்லியம் வராது. அப்படியானால் அந்தக் குழு மூட்டையைக் கட்டிவிட வேண்டியதுதானா?

இரண்டு குழுக்களும் இரண்டு விதமாகப் பதில் சொன்னன. சிம்மன்ஸ் குழு, துல்லியம்தானே வேண்டும், எங்களிடம் இருக்கிறது என்று ஊசியை இன்னும் கூர்மையாக்கியது. 13 நானோமீட்டர் இடைவெளியில் அணுக்களை வைத்து, 2019இல் இரண்டு எலெக்ட்ரான்களுக்கிடையே 0.8 நானோ விநாடியில் ஒரு குவாண்டம் செயலைச் செய்து காட்டியது. மொரெல்லோவின் குழு, துல்லியம் தேவைப்படாத வடிவம் ஒன்றைத் தேடியது. எலெக்ட்ரானையும் கருவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கியூபிட்டாக்கி, மின்புலத்தால் இயக்கினால், அணுக்கள் சில நூறு நானோமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒன்றோடொன்று பேச முடியும் என்று 2017இல் ஒரு வடிவமைப்பை வெளியிட்டது. ட்ஸுராக்கோ அணுவே வேண்டாம் என்று, சாதாரண டிரான்சிஸ்டர் வடிவத்திலேயே எலெக்ட்ரானைச் சிறைப்பிடிக்கும் பாதையில் போனார்; 2015இல் சிலிக்கானில் முதல் இரட்டைக் கியூபிட் செயல் அந்தப் பாதையில்தான் வந்தது. ஒரு தடங்கலிலிருந்து மூன்று பாதைகள். எல்லாரையும் ஒரே பாதையில் வரிசையாக நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது.

மெல்போர்னில் லாய்ட் ஹாலன்பெர்கின் கோட்பாட்டுக் குழு இந்த எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக வேலை செய்தது. புதைந்துகிடக்கும் அணுவின் எலெக்ட்ரான் அலையைச் சிட்னியில் படம் பிடித்து அனுப்புவார்கள். அந்தப் படத்தைக் கணக்கோடு ஒப்பிட்டு, அணு படிகத்தின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அணு துல்லியத்தில் மெல்போர்ன் சொல்லும். 2015இல் இரு நகரத்தவரும் சேர்ந்து, பிழைதிருத்தத்தோடு இயங்கக்கூடிய முழுச் சிலிக்கான் கணினிக்கு ஒரு வடிவமைப்பை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கியூபிட்டுக்கும் தனிக் கம்பி இழுக்காமல், குறுக்கும் நெடுக்குமான பொதுக் கம்பிகளால் பலவற்றை இயக்குவது அதன் சாரம்.

தற்செயலும் தன் பங்கைச் செய்தது. மொரெல்லோவின் ஆய்வகத்தில் பாஸ்பரஸுக்குப் பதில் ஆன்டிமனி அணுவை வைத்துச் சோதித்தார்கள். அதன் கருவுக்கு எட்டு ஸ்பின் நிலைகள். கருவை அசைக்கக் காந்த அலை வேண்டும் என்பதால் வலுவான ஆன்டெனா ஒன்றைச் செய்து, அதற்கு மிகுந்த சக்தி கொடுத்தார்கள். ஆன்டெனா பழுதாகிவிட்டது. ஆனாலும் கரு அசைந்தது, அதுவும் எதிர்பாராத விதமாக! தேடிப் பார்த்தால், பழுதான ஆன்டெனா காந்தப்புலத்துக்குப் பதிலாக மின்புலத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. கருவை மின்புலத்தாலேயே அசைக்கலாம் என்று 1961இல் நிக்கோலாஸ் ப்ளோம்பெர்கன் என்ற இயற்பியலாளர் சொல்லியிருந்தார். ஓர் ஒற்றை அணுக்கருவில் அது நடப்பதை 2020இல் வெளியிட்டார்கள். காந்தப்புலத்தைக் குறுகிய இடத்தில் அடக்குவது கஷ்டம். மின்புலத்தை ஒரு சின்ன முனையின் நுனியிலேயே நிறுத்தலாம். ஆயிரக்கணக்கான கியூபிட்டுகளை நெருக்கி அடுக்க நினைப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

இதுவரை சிட்னியும் மெல்போர்னுமே பேச்சாக இருந்தது. பிரிஸ்பேன் வேறு மொழி பேசிக்கொண்டிருந்தது: ஒளியின் மொழி. குயின்ஸ்லாந்தின் ஜெரார்ட் மில்பர்ன், இமானுவேல் நில், ரேமண்ட் லாஃப்லேம் ஆகியோருடன் சேர்ந்து 2001இல், கண்ணாடி, ஒளிப்பிரிப்பான், உணர்கருவி ஆகிய சாதாரண ஒளியியல் பொருட்களைக் கொண்டே குவாண்டம் கணினி கட்டலாம் என்று காட்டினார். 2003இல் அதே பல்கலைக்கழகத்தில் ஜெரமி ஓ'பிரையனும் ஆண்ட்ரூ ஒயிட்டும் மற்றவர்களும் இரண்டு ஒளித்துகள்களுக்கிடையே ஒரு குவாண்டம் செயலைச் செய்து காட்டினார்கள். கேன்பராவிலோ, நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, யூரோப்பியம் கலந்த படிகத்தில் குவாண்டம் நிலையை ஆறு மணி நேரம் காத்து வைத்தார்கள்; அது 2015. தொலைதூரக் குவாண்டம் தொடர்புக்கான நினைவகம் என்ற அளவில் அது தனிக் கட்டுரைக்குரிய பொருள், இங்கே இத்துடன் விடுகிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது? அடித்தளம் ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்தின் நீண்டகால மைய நிதி. ஒரு சுற்று முடிந்தால் மதிப்பீடு, மறுபடி அடுத்த சுற்று என்று அது தொடர்ந்தது. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அலுவலகமும் நெடுநாளாக நிதி கொடுத்தது. மறையீடுகளை உடைக்கும் கணினி யாரிடம் முதலில் வரும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்னொரு பங்கு தேசிய நுண்புனைவு வசதியினுடையது: விலையுயர்ந்த தூய்மை அறைகளை ஒரு பல்கலைக்கழகம் தனக்கென்று பூட்டி வைக்காமல், நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பேராசிரியர்கள் வருவார்கள், போவார்கள். ஒரு எந்திரத்தை இரவில் கோளாறு வராமல் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பப் பணியாளருக்கு நிரந்தர வேலை இருப்பதுதான் இந்தத் துறையில் பாதி வெற்றி.

2017இல் காட்சி மாறத் தொடங்கியது. சிலிக்கான் குவாண்டம் கம்ப்யூட்டிங் என்ற நிறுவனம் 8.3 கோடி ஆஸ்திரேலிய டாலர் முதலீட்டோடு சிட்னியில் பிறந்தது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம், மத்திய அரசு, மாநில அரசு, காமன்வெல்த் வங்கி, டெல்ஸ்ட்ரா தொலைத்தொடர்பு நிறுவனம் எல்லாம் பங்குதாரர்கள்; வழிநடத்துபவர் சிம்மன்ஸ். 2022இல் ட்ஸுராக் தன் பாதைக்கு டிராக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே மையத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் வளர்ந்த இரண்டு வழிகள் இப்போது இரண்டு நிறுவனங்கள், போட்டியாளர்கள்.

2024 ஏப்ரலில் வந்த செய்தி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆஸ்திரேலிய அரசும் குயின்ஸ்லாந்து மாநில அரசும் சேர்ந்து 94 கோடி ஆஸ்திரேலிய டாலரை, பங்கு, மானியம், கடன் என்று கலந்து, சைகுவாண்டம் என்ற கலிபோர்னிய நிறுவனத்துக்குத் தருவதாக அறிவித்தன. பிரிஸ்பேனில் அது ஒரு பெரிய ஒளித்துகள் கணினியைக் கட்ட வேண்டும். அந்த நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர், மேலே சொன்ன ஜெரமி ஓ'பிரையன். இன்னொருவர் டெர்ரி ருடால்ஃப், குயின்ஸ்லாந்தில் படித்தவர். ஆக பிரிஸ்பேனில் விதைத்தது பிரிட்டனுக்கும் கலிபோர்னியாவுக்கும் போய் வளர்ந்து, பிரிஸ்பேனுக்கே விலை சொல்லித் திரும்பியிருக்கிறது. உள்நாட்டு நிறுவனங்களுக்கு நியாயமான வாய்ப்புத் தரப்பட்டதா, தேர்வு வெளிப்படையாக நடந்ததா என்று அங்கே கடும் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. எந்த வழி ஜெயிக்கும் என்று தெரியாத நேரத்தில் பல வழிகளுக்கும் அளவோடு பணம் கொடுத்துத்தான் அந்த நாடு இவ்வளவு தூரம் வந்தது. பொதுப்பணத்தில் இவ்வளவு பெரிய தொகையை ஒரே இடத்தில் குவிப்பது அந்த அனுபவத்துக்கு நேர்மாறானது.

இப்போது எங்கே நிற்கிறார்கள்? கியூபிட் எண்ணிக்கையில் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். ஐபிஎம் 2023இலேயே 1,121 கியூபிட் கொண்ட சிப்பை அறிவித்துவிட்டது. 2024இல் கூகுளின் வில்லோ சிப்பில் 105. சிலிக்கான் ஸ்பின் வழியில் இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் எண்ணிக்கை மட்டுமே கணக்கில்லை. பிழைதிருத்தம் வேலை செய்ய, ஒவ்வொரு செயலிலும் பிழை ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் ஒரே 'நேச்சர்' இதழில் மூன்று குழுக்கள் சிலிக்கானில் அந்தக் கோட்டைத் தாண்டியதாக அறிவித்தன: நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜப்பானின் ரிக்கென், சிட்னியில் மொரெல்லோவின் குழு. சிட்னியின் முடிவில் ஒற்றைக் கியூபிட் செயல் 99.95 சதவீதமும், இரட்டைக் கியூபிட் செயல் 99.37 சதவீதமும் சரியாக இருந்தன. இரண்டு பாஸ்பரஸ் கருக்கள் ஒரே எலெக்ட்ரானைப் பகிர்ந்துகொண்ட அமைப்பு அது. அயனி மெல்போர்னில் பாய்ச்சியது, சிலிக்கான் கெய்யோ தந்தது, பிழையை அளந்து பிரித்தறியும் முறை அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தினுடையது.

அதே ஆண்டு ஜூனில் சிம்மன்ஸ் குழு, எலெக்ட்ரான்களைச் சிறைப்பிடிக்கும் நுண் பொட்டுகளான குவாண்டம் புள்ளிகள் பத்தை வரிசையாக வரைந்து, பாலிஅசெட்டிலீன் மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் நடந்துகொள்ளும் விதத்தை அதில் நகலெடுத்துக் காட்டியது. டிராக் தன் வடிவமைப்பை பெல்ஜியத்தின் ஐமெக் மையத்தில், தொழிற்சாலை முறையிலேயே, 300 மில்லிமீட்டர் சிலிக்கான் வட்டில் செய்து, 99 சதவீதத் துல்லியத்தைத் தாண்டியதாக 2025இல் வெளியிட்டது. ஆய்வக மாணவர் பார்த்துப் பார்த்துச் செய்த சிப்பிலிருந்து தொழிற்சாலைச் சிப்புக்கு வந்தது, எனக்கு அண்மைக்காலத்தின் மிக முக்கியமான அடியாகப் படுகிறது. கேன் 1998இல் போட்ட கணக்கின் மையமே அதுதானே.

2033க்குள் செலவுக்கேற்ற பயன்தரும் குவாண்டம் கணினியைக் கட்ட முடியுமா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா ஒரு மதிப்பீட்டை நடத்துகிறது. 2025 ஏப்ரலில் அதன் முதல் கட்டப் பட்டியலில் டிராக், சிலிக்கான் குவாண்டம் கம்ப்யூட்டிங் இரண்டுமே இடம்பிடித்தன. போட்டியாளர்களான பிறகு ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. முன்பு ஒரு குழு கண்டுபிடித்த அளவீட்டு முறை அடுத்த வாரக் கூட்டத்திலேயே மற்றவருக்குத் தெரியும். இன்று அது காப்புரிமை, ரகசிய ஒப்பந்தம். இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் வேலைக்கு ஆள் வருவதோ அதே பல்கலைக்கழகங்களிலிருந்துதான். சிட்னியின் நான்கு பல்கலைக்கழகங்கள் மாநில அரசோடு சேர்ந்து தொடங்கிய சிட்னி குவாண்டம் அகாடமி, எந்த வளாகத்தில் சேர்ந்த ஆய்வு மாணவரும் மற்ற வளாகங்களின் பாடங்களையும் ஆய்வகங்களையும் அறிந்துகொள்ள வழிசெய்கிறது. நிறுவனங்களுக்கிடையே கதவு சாத்தப்படும் காலத்தில், மாணவர்கள் வழியாகவாவது அறிவு நடமாட இதுபோன்ற ஏற்பாடுகளுக்குப் பணம் குறையாமல் பார்த்துக்கொள்வது அரசின் கையில் இருக்கிறது.

மெல்போர்னின் அயனி ஆய்வகம் இந்த வரிசையில் இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. 2024இல் பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சாதாரணச் சிலிக்கான் துண்டின் மேல் சிலிக்கான்-28 அயனிக் கற்றையைத் தொடர்ந்து பாய்ச்சி, 4.7 சதவீதமாக இருந்த சிலிக்கான்-29ஐப் பத்து லட்சத்தில் இரண்டு என்ற அளவுக்குக் குறைத்துக் காட்டினார்கள். ரஷ்யச் சுழற்சி இயந்திரம் இல்லாமலே, எந்தச் சிப் தொழிற்சாலையிலும் இருக்கும் கருவியைப் போன்ற ஒன்றைக் கொண்டு. சிலிக்கான் வழியில் யார் முந்தினாலும் அவர்களுக்கு இந்தத் தூய பொருள் தேவைப்படும். அதில் வைக்கும் கியூபிட் எத்தனை நேரம் நிற்கிறது என்று அளந்து காட்டுவதுதான் அந்தக் குழுவுக்கு முன்னால் இருக்கும் அடுத்த வேலை.